அனுப்புநர் என்ற இடத்தில்

உள்நாட்டுக் கடிதத்தின் பின்புறம் அனுப்புபவர் பெயரும் முகவரியும் எழுத இடம் விட்டிருக்கும். அந்த இடத்தில் யார் எந்தப் பெயரை எழுதினாலும் தபால்காரர் கேட்பதில்லை. அவருக்கு வேண்டியது முன்பக்கத்துப் பெறுநர் முகவரி மட்டும். மின்னஞ்சலும் இதே ஏற்பாட்டில்தான் பிறந்தது. 1982-இல் ஜான் போஸ்டல் எழுதிவைத்த எஸ்.எம்.டி.பி. நெறிமுறையின் வழிவந்ததுதான் இன்றைக்கும் உலகத்து மின்னஞ்சலைச் சுமக்கிறது. அதில் அனுப்புநர் தன்னை யார் என்று சொல்லிக்கொள்கிறாரோ அவர்தான் அவர். பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் புழங்கிய சிறிய வலையில் பெயரை மாற்றிச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. அதனால் சரிபார்க்கும் வேலையை அதில் யாரும் சேர்க்கவில்லை. இன்று மின்னஞ்சல் மோசடி என்று பேசப்படுவதில் பெரும்பகுதி அந்த வெற்றிடத்தில் வந்து குடியேறியது.

பிற்பாடு மூன்று பூட்டுகள் போடப்பட்டன. ஒரு நிறுவனம் தன் பெயரில் கடிதம் அனுப்ப உரிமையுள்ள சர்வர்கள் இவை என்று முன்கூட்டியே வெளியிட்டுவைக்கும் பட்டியல் எஸ்.பி.எஃப். கடிதத்தின்மேல் இடும் டிஜிட்டல் முத்திரை டி.கே.ஐ.எம்.; வழியில் யாராவது வரிகளைத் திருத்தினால் அந்த முத்திரை உடைந்துவிடும். இரண்டையும் மேலே தெரியும் அனுப்புநர் முகவரியோடு பொருத்திப் பார்த்து, பொருந்தாத கடிதத்தைத் திருப்பிவிடுவதா, ஸ்பாம் பெட்டியில் போடுவதா என்று சொல்வது டிமார்க். ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 கடிதத்துக்குமேல் அனுப்புவோர் இந்த மூன்றையும் வைத்திருந்தே ஆகவேண்டும் என்று கூகுள் கட்டாயமாக்கியது 2024 பிப்ரவரியில்தான். நெறிமுறை பிறந்து 42 ஆண்டு கழிந்திருந்தது. கணினியில் ஜிமெயிலைத் திறந்து, கடிதத்தின் வலது மூலையில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி ‘ஷோ ஒரிஜினல்’ என்பதைத் தேர்ந்தால், மூன்று சோதனையின் முடிவும் மேலேயே இருக்கும். தேறாத கடிதத்தைச் சந்தேகிக்க அதுவே போதும். தேறிய கடிதத்தை நம்பலாமா என்பது வேறு கேள்வி. கடிதம் இன்ன டொமைனிலிருந்துதான் வந்தது என்பதற்கு மட்டுமே இந்தப் பூட்டுகள் சாட்சி. அந்த டொமைனையே மோசடிக்காரர் காசு கொடுத்து வாங்கியிருந்தால், மூன்றிலும் அவர் முதல் வகுப்பில் தேறுவார்.

கைபேசியில் நிலைமை இன்னும் மோசம். சிறிய திரையில் இடம் போதாது என்று பெரும்பாலான செயலிகள் அனுப்புநரின் பெயரை மட்டும் காட்டி முகவரியை மறைத்துவிடுகின்றன. பெயர் என்பது அனுப்புபவர் தன் இஷ்டத்துக்கு நிரப்பும் கட்டம். அதில் ‘வருமான வரித்துறை’ என்றும் எழுதலாம், ‘கிளை மேலாளர்’ என்றும் எழுதலாம். பெயரின் மேல் விரலை வைத்து முகவரியை விரித்துப் பார்த்தால், வருமான வரித்துறையின் கடிதம் ஏதோ ஒரு இலவச மின்னஞ்சல் கணக்கிலிருந்து புறப்பட்டிருப்பது தெரியும். பாதி மோசடிகள் இந்த ஒரு தொடுதலில் உதிர்ந்துவிடும்.

மீதிப் பாதிக்கு முகவரியைப் படிக்கத் தெரிய வேண்டும். ஆங்கிலத்தை இடமிருந்து வலமாகப் படித்துப் பழகிய கண் முகவரியையும் அப்படியே படிக்கிறது. மோசடிக்காரரின் பிழைப்பே அதில்தான் இருக்கிறது. விழுப்புரம் பேருந்து நிலையத்தில் ‘திருநெல்வேலி அல்வா’ என்று பலகை மாட்டிய கடை இருந்தால், கடை இருக்கும் ஊர் விழுப்புரம். பலகையின் முதல் சொல் ஊரைச் சொல்வதில்லை. டொமைன் பெயரும் அப்படித்தான். ‘இன்கம்டாக்ஸ் டாட் ஜிஓவி டாட் இன்’ என்பது வருமான வரித்துறையின் இணையதளம். ‘இன்கம்டாக்ஸ் டாட் ஜிஓவி டாட் இன் டாட் ரீஃபண்ட்செக் டாட் காம்’ என்று ஒன்று வந்தால், அதன் சொந்தக்காரர் கடைசியில் உள்ள ‘ரீஃபண்ட்செக் டாட் காம்’. அதற்கு முன்னால் உள்ளதெல்லாம் பலகை. முகவரித் தொடக்கத்து இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு முதல் சாய்கோடு எங்கே வருகிறது என்று பார்த்து, அங்கிருந்து இடப்பக்கமாகப் பின்னோக்கிப் படிப்பதே முறை. புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் இடைக்கோடு இருப்பதும் இதே வித்தையின் இன்னொரு உருவம்.

எழுத்தே ஏமாற்றுவதும் உண்டு. தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இது புதிதல்ல. ‘ஔவை’யின் முதலெழுத்தை முறைப்படி ஓரெழுத்தாகவும் அடிக்கலாம், ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்து வைத்தும் அடிக்கலாம். திரையில் பார்ப்பவருக்கு இரண்டும் ஔவைதான். கணினிக்கு அவை இரண்டு வேறு சொற்கள். ஆங்கிலத்தில் சிறிய ‘ஆர்’, சிறிய ‘என்’ இரண்டையும் ஒட்டி எழுதினால் ‘எம்’ போலத் தெரியும். ரஷ்ய மொழி எழுதப்படும் சிரிலிக் வரிசையில் ஆங்கில ‘ஏ’, ‘ஓ’, ‘பி’ ஆகியவற்றின் அச்சாகவே எழுத்துகள் உண்டு. 2017-இல் ஒரு மென்பொருளாளர் முழுக்கச் சிரிலிக் எழுத்துகளாலேயே ஆப்பிள் நிறுவனத்தின் பெயரை எழுதி, அதை டொமைனாகப் பதிந்து காட்டினார். அன்றைய குரோம், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிகளின் முகவரிப் பட்டையில் அசலுக்கும் நகலுக்கும் வேறுபாடே தெரியவில்லை. எவ்வளவு கூர்ந்து பார்த்தும் கண்ணால் பிடிக்க முடியாத போலி உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் இருந்தால் பாதுகாப்பானது என்று ஒரு காலத்தில் வங்கிகளே சொல்லிக்கொடுத்தன. அந்தப் பாடம் காலாவதியாகிவிட்டது. உலாவிக்கும் தளத்துக்கும் நடுவே யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதைத்தான் பூட்டு சொல்கிறது; தளம் யாருடையது என்பதை அது சொல்லாது. சான்றிதழ் இலவசமாகக் கிடைக்கும் காலத்தில் போலித் தளங்களும் பூட்டோடுதான் வருகின்றன. மக்கள் அதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதாலேயே 2023-இல் குரோம் அந்தச் சின்னத்தை எடுத்துவிட்டது. இந்தியாவில் அதைவிட உருப்படியான ஒன்று நடந்திருக்கிறது. எல்லா வங்கிகளும் 2025 அக்டோபர் 31-க்குள் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும் இணைய முகவரிக்கு மாறவேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்த முடிவுள்ள பெயரை ஹைதராபாத்தில் உள்ள ஐ.டி.ஆர்.பி.டி. என்ற வங்கித் தொழில்நுட்ப நிறுவனம் மட்டுமே பதிந்து கொடுக்கும். தெருவில் போகிறவர் வாங்க முடியாது. பின்னாலிருந்து படிக்கத் தெரிந்தவருக்கு இது பெரிய வசதி.

முகவரியைப் படிக்கத் தெரிந்தவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். 2016 மார்ச் 19 அன்று ஹிலாரி கிளிண்டனின் தேர்தல் பிரசாரத் தலைவர் ஜான் பொடெஸ்டாவுக்குக் கூகுள் பெயரில் ஒரு கடிதம் வந்தது. அவருடைய கடவுச்சொல்லை யாரோ தெரிந்துகொண்டார்கள், உக்ரைனிலிருந்து உள்ளே நுழையப் பார்த்தார்கள், உடனே மாற்றுங்கள் என்பது சேதி. கீழே மாற்றுவதற்கான பொத்தான். பொத்தானுக்குள் சுருக்கப்பட்ட லிங்க். உதவியாளர் அவசரப்படவில்லை. கணினிப் பிரிவுக்கு அனுப்பிக் கேட்டார். அங்கிருந்தவர் கடிதம் அசல்தான், கடவுச்சொல்லை உடனே மாற்ற வேண்டும் என்று பதில் எழுதினார். போலி என்று எழுத நினைத்துச் சொல் தவறிவிட்டது என்பது பிறகு அவர் சொன்ன விளக்கம். அது எப்படியோ போகட்டும். அதே பதிலில் கடவுச்சொல் மாற்றுவதற்கான கூகுளின் உண்மையான முகவரியையும் அவர் தந்திருந்தார். அந்த முகவரிக்குப் போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அழுத்தப்பட்டது பழைய கடிதத்தின் பொத்தான். 50,000-க்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் பறிபோயின. அக்டோபர் 7 முதல் விக்கிலீக்ஸில் தவணை தவணையாக வெளிவந்தன. ரஷ்ய ராணுவ உளவுத்துறையைச் சேர்ந்த 12 பேர்மீது 2018 ஜூலையில் அமெரிக்கா குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது.

இந்த நிகழ்ச்சியில் கவனிக்க வேண்டியது, கடிதம் சொன்ன அறிவுரையில் தப்பில்லை என்பது. கடவுச்சொல்லை மாற்றுவது நல்ல காரியம்தான். தப்பு அதற்குக் காட்டிய வழியில் இருந்தது. மின்னஞ்சல் மோசடியின் வகைகள் பெருகிக்கொண்டே போகலாம்; அத்தனைக்கும் உள்ளே இருக்கும் எலும்பு இதுதான். ஒரு காரணம் சொல்லப்படும், அவசரம் காட்டப்படும், பிறகு ஒரு வழி கொடுக்கப்படும். அந்த வழி லிங்காக இருக்கலாம், தொலைபேசி எண்ணாக, வங்கிக் கணக்காக, திறக்க வேண்டிய கோப்பாக இருக்கலாம். காரணம் உண்மையா பொய்யா என்று ஆராய்வதில் படிப்பவர் நேரத்தைச் செலவிடுகிறார். ஆராய வேண்டியது வழியை.

இணையம் இல்லாத காலத்திலும் இதே எலும்புதான். பிரான்சில் திருடனாக இருந்து காவல்துறைத் துப்பறிவாளராக மாறிய விடோக், 1828-இல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில், பிசெத்ர் சிறையிலிருந்து கைதிகள் எழுதிய கடிதங்களைப் பற்றிச் சொல்கிறார். புரட்சிக்குப் பயந்து ஓடிய பிரபுவின் வேலைக்காரன் எழுதுவதாகக் கடிதம் தொடங்கும். நகைப்பெட்டியை உங்கள் ஊர்ப்பக்கம் மறைத்துவைத்தோம். இப்போது நான் சிறையில் இருக்கிறேன். கொஞ்சம் பணம் அனுப்பினால் இடத்தைச் சொல்கிறேன். நூறு கடிதம் போட்டால் இருபதுக்குப் பதில் வரும் என்று விடோக் கணக்கும் சொல்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதே கதை ‘ஸ்பானியக் கைதி’ என்ற பெயரில் அட்லாண்டிக்கைத் தாண்டியது. 1898-இல் நியூயார்க் டைம்ஸ் அதைப் பற்றி எழுதியபோதே, பழைய மோசடி மறுபடி தலைதூக்கியிருக்கிறது என்றுதான் தலைப்பிட்டது. நூறாண்டு கழித்துக் கைதி போய், நைஜீரியாவின் மறைந்த அதிகாரியின் விதவை வந்தார். பெயரும் மாறி, அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தில் ஏமாற்றிப் பொருள் பறிப்பதற்கான பிரிவின் எண்ணால் ‘419’ ஆயிற்று.

இந்தக் கடிதங்கள் ஏன் இவ்வளவு அசட்டுத்தனமாக எழுதப்படுகின்றன என்பது பலருக்கும் உள்ள கேள்வி. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கார்மக் ஹெர்லி 2012-இல் எழுதிய கட்டுரை அதற்குப் பதில் தருகிறது. கோடிக் கடிதம் அனுப்ப மோசடிக்காரருக்குச் செலவில்லை. பதில் எழுதுபவரோடு வாரக்கணக்கில் பேசித் தேற்றிப் பணம் வாங்குவதுதான் உழைப்பு. பாதி வழியில் விழித்துக்கொள்ளும் ஆள் அவருக்கு நஷ்டம். ஆகவே முதல் கடிதமே நம்ப முடியாததாக இருந்தால், சந்தேகக்காரர்கள் தாங்களே விலகிவிடுவார்கள். எதையும் நம்புகிறவர் மட்டும் சல்லடையில் நிற்பார். கடிதத்தைப் பார்த்துச் சிரித்து அழிப்பவர் மோசடிக்காரரை வென்றதாக நினைத்துக்கொள்ளலாம். அவருக்கும் இவர் விலகிப்போனது லாபம்தான்.

படிக்காத ஏழைகள்தான் இதில் விழுகிறார்கள் என்ற எண்ணத்துக்கு பிரேசிலின் பாங்கோ நோரோஸ்தே வங்கி சரியான மறுப்பு. 1995 முதல் 1998 வரை அதன் மூத்த அதிகாரி நெல்சன் சகாகுச்சி, அபுஜாவில் கட்டப்படும் புதிய விமான நிலையத்தில் முதலீடு என்று நம்பி, வங்கியிலிருந்து 24.2 கோடி டாலரை அனுப்பிக்கொண்டே இருந்தார். நைஜீரிய மத்திய வங்கி ஆளுநர் என்று சொல்லி அவரோடு பேசியவர் எம்மானுவேல் நுவூடே. விமான நிலையம் என்று ஒன்று கட்டப்படவே இல்லை. நுவூடேவுக்கு 2005-இல் 25 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அனுப்பியதை மீட்க இன்னும் கொஞ்சம் அனுப்பினால் போதும் என்ற நினைப்புதான் ஒவ்வொரு தவணையையும் இழுத்துவந்தது. சீட்டுக் கம்பெனியில் பணத்தை விட்டவர்களுக்கு இந்த நினைப்பைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

இந்தியாவில் இதே சரக்கு உள்ளூர் முத்திரையோடு வருகிறது. ரிசர்வ் வங்கியின் இலச்சினையும் ஆளுநரின் கையெழுத்தும் போட்டு, வெளிநாட்டு லாட்டரியில் விழுந்த தொகை தயாராக இருக்கிறது, பரிமாற்றக் கட்டணம் மட்டும் செலுத்துங்கள் என்ற கடிதம் பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது. ரிசர்வ் வங்கி தனிநபர்களுக்கு வங்கிக் கணக்கு எதுவும் வைத்திருப்பதில்லை. லாட்டரியில் சேர வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதே 1999-ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி தடைசெய்யப்பட்டது. வேலைவாய்ப்புக் கடிதம் இதன் தம்பி. நேர்காணல் இல்லாமல் நியமன உத்தரவு வரும். கூடவே சீருடைக்கு, பயிற்சிக்கு, திருப்பித் தரப்படும் வைப்புத்தொகைக்கு என்று ஒரு சிறு தொகை கேட்கப்படும். சம்பளம் கொடுக்க வேண்டிய இடம் முதலில் பணம் கேட்கிறது என்றால், மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை. வருமானவரிக் கணக்கு தாக்கல் செய்யும் பருவத்தில் வரும் ‘ரீஃபண்ட்’ கடிதம் பணம் கேட்காது. கார்டு எண்ணும் ஓடிபியும் கேட்கும். ரீஃபண்ட் என்பது ஏற்கெனவே பதிந்துவைத்த வங்கிக் கணக்குக்குத் தானே வந்து சேர்வது. அதற்குக் கார்டு எண் எதற்கு?

சத்தமில்லாமல் மிகப் பெரிய தொகையைத் தின்பது வேறொரு வகை. அதில் விதவையும் இல்லை, லாட்டரியும் இல்லை. வழக்கமான வியாபாரக் கடிதம் மட்டும் இருக்கிறது. லிதுவேனியாவைச் சேர்ந்த எவால்டாஸ் ரிமசௌஸ்கஸ், கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் கணினிச் சாதனம் தரும் தைவானின் குவான்டா நிறுவனத்தின் பெயரிலேயே லாட்வியாவில் ஒரு நிறுவனத்தைப் பதிந்தார். 2013 முதல் 2015 வரை அந்தப் பெயரில் பில் அனுப்பினார். இரண்டு நிறுவனங்களும் 12 கோடி டாலருக்குமேல் செலுத்தின. 2019 டிசம்பரில் அவருக்கு ஐந்தாண்டு சிறை. ஆஸ்திரியாவின் விமான பாக நிறுவனமான எஃப்.ஏ.சி.சி.யில், தலைமை நிர்வாகியின் பெயரில் வந்த மின்னஞ்சலை நம்பிக் கணக்குப் பிரிவு ஏறக்குறைய 5 கோடி யூரோவை அனுப்பியது. அந்தத் தலைமை நிர்வாகி 2016 மே மாதம் பதவி நீக்கப்பட்டார். அமெரிக்க எஃப்.பி.ஐ.யின் இணையக் குற்றப் புகார் மையத்துக்கு 2023-இல் இந்த வகையில் வந்த புகார் 21,489. இழப்பு 290 கோடி டாலர். அதே ஆண்டு ஊரெல்லாம் அஞ்சிய, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேருக்குப் பதிவான இழப்பு 6 கோடி டாலருக்கும் கீழே.

இது நடக்கும் விதத்தைத் திருப்பூர் போன்ற ஏற்றுமதி ஊரில் வைத்துப் பார்ப்பது எளிது. ஒரு பனியன் ஏற்றுமதியாளர், ஜெர்மனியில் ஒரு வாங்குநர்; 30 சதவீதம் முன்பணம் வந்தாயிற்று, சரக்கு தூத்துக்குடியில் கப்பலேறியதும் மீதி வரவேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். வாங்குநருடைய மின்னஞ்சல் கடவுச்சொல் எப்போதோ பறிபோயிருக்கிறது. உள்ளே நுழைந்தவர் ஒன்றும் செய்யாமல் வாரக்கணக்கில் படித்துக்கொண்டிருக்கிறார்: யார் யாரை எப்படி விளிக்கிறார், பில்லில் எந்த எழுத்துரு, கடைசி வரி என்ன, கப்பல் என்றைக்கு. சரக்கு கப்பலேறியதற்கான ரசீதை (பில் ஆஃப் லேடிங்) அனுப்பிய மறுநாள் வாங்குநருக்கு ஒரு கடிதம் போகிறது. எங்கள் கணக்கு தணிக்கையில் இருக்கிறது, இந்த முறை மீதியை இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள். பழைய கடிதப் போக்குவரத்து முழுவதும் கீழே ஒட்டியிருக்கும். அனுப்புநர் முகவரியில் ஒரே ஓர் எழுத்து கூடுதல். வங்கி மட்டும் மூன்றாவது நாடொன்றில் இருக்கும். ஏற்றுமதியாளர் பணம் வரவில்லை என்று எழுதும் கடிதங்களை, வாங்குநரின் பெட்டியில் மோசடிக்காரர் முன்பே போட்டுவைத்த ஒரு ஃபில்டர், யாரும் திறக்காத ஃபோல்டருக்குத் தள்ளிக்கொண்டிருக்கும். இந்த இடத்தில் எழுத்துப்பிழையைத் தேடுவது வீண். கணக்கு எண் மாறுகிறது என்று மின்னஞ்சலில் எழுதியிருக்கிறது. அது ஒன்றே அடையாளம். ஏற்கெனவே டைரியில் இருக்கும் எண்ணுக்குத் தொலைபேசியில் பேசி, தெரிந்த குரலில் கணக்கு எண்ணை வாங்கும்வரை பணம் நகரக்கூடாது. அந்தக் கடிதத்தின் அடியில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்குப் பேசினால், எடுப்பவரும் மோசடிக்காரராகவே இருப்பார்.

கோப்புகளைச் சுமந்துவரும் கடிதங்களின் வரலாறு 2000 மே 4-இல் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய ‘ஐ லவ் யூ’ புழுவில் முக்கியமான திருப்பம் கண்டது. காதல் கடிதம் என்ற பெயரில் வந்த கோப்பின் பெயர் ‘டிஎக்ஸ்டி’ என்று முடிவதுபோல் தெரிந்தது. அதற்குப் பின்னால் ‘விபிஎஸ்’ என்று இன்னொரு வால் இருந்தது. தெரிந்த வால்களை மறைத்துக் காட்டுவது விண்டோஸின் வழக்கம். அதனால் நிரலைத் திறக்கிறோம் என்று அறியாமலே லட்சக்கணக்கானவர்கள் திறந்தார்கள். இரட்டை வால் வித்தை இன்றும் செத்துவிடவில்லை. கடவுச்சொல் போட்ட ஜிப் கோப்பு இன்னொரு வித்தை. கடவுச்சொல்லையும் அதே கடிதத்தில் எழுதியிருந்தால், பூட்டு போட்டது பெறுநரின் பாதுகாப்புக்காக இல்லை. வைரஸ் சோதனைக் கருவியின் கண்ணைக் கட்டத்தான்.

வங்கதேச மத்திய வங்கியின் கதையும் இப்படி ஒரு மின்னஞ்சலில் தொடங்கியது. 2015 ஜனவரியில் வேலை கேட்டு ஒருவர் எழுதினார். தன்விவரக் குறிப்புக்கு லிங்க் கொடுத்திருந்தார். ஊழியர்கள் சிலர் அழுத்தினார்கள். ஓராண்டு கழித்து, 2016 பிப்ரவரியில், அந்த வங்கி நியூயார்க்கில் வைத்திருந்த கணக்கிலிருந்து 95.1 கோடி டாலரை எடுக்க உத்தரவுகள் பறந்தன. 8.1 கோடி பிலிப்பைன்ஸுக்குப் போய், அதில் பெரும்பகுதி மறைந்தது. 2 கோடி இலங்கைக்கு, ஷலிகா ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் பெயருக்கு வந்தது. உத்தரவில் ‘ஃபவுண்டேஷன்’ என்பதை ‘ஃபன்டேஷன்’ என்று தப்பாக எழுதியிருந்ததால் இடையிலிருந்த வங்கி விளக்கம் கேட்க, அந்த 2 கோடி தப்பியது.

எழுத்துப்பிழையைப் பார்த்து மோசடியைக் கண்டுபிடிக்கலாம் என்ற பழைய பாடத்துக்கு இதைவிடப் பெரிய வெற்றி இனிக் கிடைப்பது கடினம். பிழையில்லாத ஆங்கிலத்தையும் ஓரளவு பிழையில்லாத தமிழையும் எந்தச் செயற்கை நுண்ணறிவுச் செயலியும் நொடியில் எழுதிக்கொடுக்கிறது. பிழை இருந்தால் சந்தேகிக்கலாம். பிழை இல்லை என்பதற்காக நம்பக்கூடாது. குரலும் முகமும்கூட அந்த வரிசையில் சேர்ந்துவிட்டன. 2024 தொடக்கத்தில் பொறியியல் நிறுவனமான அரூப்பின் ஹாங்காங் ஊழியர் ஒருவருக்கு, லண்டன் நிதித் தலைவர் ரகசியப் பரிமாற்றம் ஒன்றைக் கேட்பதாக மின்னஞ்சல் வந்தது. அவர் சரியாகவே சந்தேகப்பட்டார். பிறகு வீடியோ அழைப்பில் நிதித் தலைவரும் சக ஊழியர்களும் வரவே, சந்தேகம் தீர்ந்தது. திரையில் இருந்த முகங்கள் அத்தனையும் போலி. 15 தவணையில் 20 கோடி ஹாங்காங் டாலர் போயிற்று. கடிதத்தைச் சரிபார்க்க அவர் போன வழியும் கடிதம் எழுதியவரே போட்ட வழிதான்.

மிரட்டல் கடிதங்களுக்கு அதிக நேரம் வேண்டாம். 2018 ஜூலையில் பரவிய ஒன்று, பெறுநரின் கடவுச்சொல்லையே தலைப்பில் போட்டு, கணினி கேமரா வழியாக அந்தரங்கக் காட்சி எடுத்துவிட்டதாகவும் பிட்காயினில் பணம் வேண்டும் என்றும் சொன்னது. கடவுச்சொல் உண்மை, காட்சி பொய். முன்பு எங்கோ கசிந்த பட்டியல்களிலிருந்து எடுத்த பழைய கடவுச்சொற்கள் அவை. காவல்துறை, சி.பி.ஐ. பெயரில் ஆபாசப் படம் பார்த்த வழக்கு என்று வரும் பி.டி.எஃப். இதன் அரசாங்க வேடம். வீடியோ அழைப்பிலேயே காவலில் வைத்திருப்பதாக இவர்கள் மிரட்டும் ‘டிஜிட்டல் கைது’ என்று இந்தியச் சட்டத்தில் ஒன்றும் கிடையாது. வழக்கை முடிக்க ஒரு வங்கிக் கணக்கில் பணம் கட்டச் சொல்லும் சட்டமும் கிடையாது.

கண் ஏமாறும் இடத்தில் கருவி ஏமாறாது என்பது கொஞ்சம் ஆறுதல். கடவுச்சொற்களைச் சேமித்துவைக்கும் பாஸ்வேர்டு மேனேஜர், எந்த டொமைனில் சேமித்ததோ அதில் மட்டுமே தானாக நிரப்பும். சிரிலிக் எழுத்தில் எழுதிய போலித் தளத்தில் அது பேசாமல் இருந்துவிடும். அந்த மௌனமே எச்சரிக்கை. ஓடிபி இந்த அளவுக்கு உதவாது. போலித் தளத்தில் தட்டிய ஓடிபியை மோசடிக்காரர் அதே நிமிடம் அசல் தளத்தில் தட்டிவிட முடியும். பாஸ்கீ என்ற புதிய முறை டொமைனோடு பிணைந்தது. அதைப் போலித் தளத்துக்குக் கொடுக்க நினைத்தாலும் கொடுக்க முடியாது. கருவி எதுவும் இல்லாதவருக்கும் ஒரு வழி இருக்கிறது. வங்கியிலிருந்து சேதி என்றால் கடிதத்தை மூடிவிட்டு, வழக்கமாகத் திறக்கும் செயலியைத் திறந்து பார்ப்பது. உண்மையான சேதி என்றால் அங்கேயும் இருக்கும்.

அழுத்தியாயிற்று, கடவுச்சொல்லும் கொடுத்தாயிற்று என்றால், கடவுச்சொல்லை மாற்றுவதோடு நிறுத்தக்கூடாது. மின்னஞ்சல் அமைப்புகளில் ஃபார்வர்டிங், ஃபில்டர் இரண்டையும் திறந்து, தான் போடாத விதி எதுவும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மற்றக் கருவிகள் அனைத்திலிருந்தும் வெளியேற்ற வேண்டும். பணம் போயிருந்தால் உடனே அழைக்க வேண்டியது இணையக் குற்றங்களுக்கான உதவி எண் 1930. அழைப்பு பதிவானதும் பணம் போன வங்கிக்கும் அங்கிருந்து தாவிய அடுத்த வங்கிக்கும் தகவல் போகிறது. எந்தக் கணக்கில் இன்னும் மிச்சம் இருக்கிறதோ அங்கே முடக்கப்படும். மோசடிக்காரர் பணத்தை ஒரே கணக்கில் தூங்கவிடுவதில்லை என்பதால், வெட்கப்பட்டு வீட்டில் சொல்லாமல் கழிக்கும் ஓர் இரவு பெரிய இரவு. கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-இல் வகுத்த விதியின்படி, கடவுச்சொல்லையோ ஓடிபியையோ தானே கொடுத்துவிட்ட வாடிக்கையாளர், வங்கிக்குத் தகவல் சொல்லும் நிமிடம்வரை போன பணத்துக்குத் தானே பொறுப்பு. சொன்ன நிமிடத்துக்குப் பிறகு போகும் ஒவ்வொரு ரூபாய்க்கும் வங்கி பொறுப்பு.